கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பழைய வலை போதும், பவளக் கல் வேண்டாம்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் கடல் தொழில். டிசம்பரில் காற்று, மழை என்று பாதி நாள் படகு கரையில்தான் கிடக்கிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மரம் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. 300 ரூபாய்க்குள் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே மரம் செய்ய முடியுமா? சுவரில் ஆணி அடிக்க வீட்டு ஓனர் விடமாட்டார். யூடியூப் பார்த்து உப்பு மாவில் நட்சத்திரம் செய்தோம், இரண்டே நாளில் கசிந்து தொய்ந்துவிட்டது. கரையில் கிடக்கிற பவளக் கல்லைத் தொங்கவிடலாம் என்கிறாள் மகள். செய்யலாமா?

பதில்: மகள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பவளக் கல் வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பவளங்களையும் கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ‘தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற கோயில் சுவரே பவளக் கல்தானே’ என்று பிள்ளை மடக்கினால், அது சட்டம் வருவதற்கு முந்தைய காலம், அப்படி வெட்டி எடுத்ததும் பாறைகள் அழிந்ததற்கு ஒரு காரணம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும்.

அதற்குப் பதிலாக மட்டி, சிப்பி ஓடுகளை எடுத்துக்கொள்ளலாம். கறிக்கு வாங்கிய மட்டியின் ஓடே போதும். கரையில் பொறுக்குவதானால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: துளை விழுந்த ஓடுகளை மட்டும் தேடி எடுக்க வேண்டும். இரட்டை ஓட்டு மட்டியின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில், மெல்லிய துரப்பணத்தால் போட்டதுபோல் வட்டமாக ஒரு துளை இருக்கும். அது மனிதன் போட்டதல்ல. ஒருவகைக் கடல் நத்தை, மட்டியின் மேல் உட்கார்ந்து ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிட்டுப் போன தடம். நூல் கோக்க அந்தத் துளையே போதும், நீங்கள் ஆணியும் சுத்தியலும் எடுக்க வேண்டியதில்லை. ஓட்டை அரைத்துத் துளைத்தால் பறக்கிற தூள் மூச்சுக்கு ஆகாது என்பதால், நான் சிறுபிள்ளைகளை அந்த வேலைக்கு விடுவதே இல்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சங்கு வகை எதையும் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாராமல் கையில் பொத்தக் கூடாது. கூம்பு வடிவச் சங்கு சிலது கொட்டும், அதன் விஷம் ஆளைக் கொல்லக் கூடியது. பொறுக்கி வந்த ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சோப்புத் தூள் கரைத்த நீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வாடை போய்விடும்.

இனி மரம். கிளையை வெட்டி வாளி மணலில் நடுவது நம் ஊரில் வழக்கம், அதற்குச் சவுக்குதான் பொருத்தம். ஆனால் கடற்கரையில் அரசு வளர்க்கிற சவுக்குத் தோப்பில் கை வைக்காதீர்கள். தனியார் தோப்பில் கேட்டு வாங்கினாலும் நாலைந்து நாளில் காய்ந்து உதிரத் தொடங்கும், காய்ந்த சவுக்கு பஞ்சாகப் பற்றும். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது தொங்கும் ஏணி மரம்.

உதிர்ந்து கிடக்கும் சவுக்குக் குச்சிகளில் விரல் பருமனுள்ளவையாக ஏழு எடுங்கள். சீமைக் கருவேலம் எங்கும் கிடைக்கும்தான், ஆனால் அதன் முள் குத்தினால் வீங்கி வலிக்கும், விட்டுவிடுங்கள். அடிக்குச்சி 90 செ.மீ., அடுத்தது 78, பிறகு 66, 54, 42, 30, உச்சியில் 18. ஒவ்வொன்றிலும் 12 செ.மீ. குறைகிறது. அளந்து குறி போடுவது மகளின் வேலை, வெட்டுவது உங்கள் வேலை. தரையில் குச்சிகளை 15 செ.மீ. இடைவெளியில் படுக்கவைத்து, இரண்டு பக்க நுனியிலும் வலைக் கயிறு கட்டிக்கொண்டே மேலே வந்து, உச்சியில் இரண்டு கயிற்றையும் சேர்த்து முடியுங்கள். முடிச்சு வழுக்காமல் இருக்க என்ன செய்வது என்று நான் எழுதிக் காட்டுவதைவிட உங்கள் வீட்டுக்காரர் கையால் காட்டுவது மேல். படகு கரையில் கிடக்கிற நாளில் மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தொங்கவிட ஆணி எதற்கு? எதிரெதிர் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே துணிக்கயிறு கட்டி அதில் மாட்டலாம். வடகடல் பக்கத்து வீடு என்றால் வாடைக் காற்றில் ஊஞ்சலாடும். அடிக்குச்சியின் இரண்டு நுனியிலும் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைக் கட்டினால் அடங்கிவிடும்.

பச்சைக்கு என்ன செய்வது? கிழிந்து ஒதுக்கிய பச்சை நூல் வலை எந்தக் கரையிலும் கிடைக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். முதலில் தூண்டில் முள், நண்டுக் கால், மீன் முள் சிக்கியிருக்கிறதா என்று நீங்கள் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து இரண்டு மூன்று அலசு அலசுங்கள். உப்பும் கவிச்சியும் போகாவிட்டால் கிறிஸ்துமஸ் ராத்திரி உங்கள் வீட்டுக்கு முதல் விருந்தாளி தெருப் பூனைதான். தங்கூஸ் நரம்பு வலை வேண்டாம், சின்ன விரலில் சுற்றினால் அறுக்கும். கழுவிய வலையை முக்கோணமாக மடித்து ஏணியின் மேல் போர்த்தி, குச்சிகளோடு ஆங்காங்கே முடிந்துவிடுங்கள். இனி அதன் ஒவ்வொரு கண்ணும் அலங்காரம் மாட்டுகிற கொக்கிதான்.

உப்பு மாவு தொய்ந்ததில் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியும். மழைக்காலக் கடற்கரையில் அது அன்றாடம் நடப்பதுதான். அந்தச் செய்முறை வறண்ட ஊர்களுக்குச் சரி. மாவில்தான் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் உப்புக்குப் பதில் சமையல் சோடா போடுங்கள். ஒரு கப் சோடா, அரைக் கப் சோள மாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேளுங்கள்), அரைக் கப்பும் இரண்டு மேசைக்கரண்டியும் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து இளந்தீயில் விடாமல் கிளறினால், திடீரென்று இறுகித் திரளும். இறக்கி, ஈரத்துணி மூடி ஆறவிட்டு, அரை செ.மீ. கனத்தில் தேய்த்து, பாட்டில் மூடியால் வெட்டி, காய்வதற்கு முன்பே ஈர்க்கால் துளை போட வேண்டும். வெயில் இல்லாத நாளில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள், நடுவில் திருப்பிப் போட்டு. வெள்ளை வெளேரென்று வரும், பெயின்ட் தேவைப்படாது. பார்க்கப் பலகாரம்போல் இருப்பதால் சின்னவன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது ஈர்க்கு நட்சத்திரம். 12 செ.மீ. நீளத்தில் மூன்று ஈர்க்கை நடுவில் குறுக்காக வைத்துக் கட்டினால் ஆறு முனை. நடுவிலிருந்து தொடங்கி, கலர் நூலை ஒரு ஈர்க்கில் ஒரு சுற்று சுற்றி அடுத்ததற்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு வரிசை ஓடியதும் சிலந்தி வலைபோல் பின்னல் தெரியத் தொடங்கும். மகனுக்கு இது முடியும், கணக்குத் தப்பி ஒரு முனையை விட்டுவிட்டாலும் கெட்டுப்போகாது. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை மடிக்கக் கற்ற பிள்ளைகள்தானே, அதே கையால் ஓலை மீனும் காற்றாடியும் மடிக்கட்டும். பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் கழிவு ஓலையைக் கேட்டு வாங்கலாம். குழந்தைகளுக்கு ஆட்டிக் காட்டுகிற ஓலைக் கிலுகிலுப்பை இரண்டு மூன்று முடைந்து தரச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் எந்தப் பந்தும் அதன் பக்கத்தில் நிற்காது, காற்றுக்குச் சத்தமும் போடும். மினுமினுப்புக்கு பிஸ்கட் கவரின் வெள்ளி நிற உள்பக்கத்தைக் கீற்றாக வெட்டுங்கள். ஜிகினாத் தூளும் தெர்மகோல் உருண்டையும் வேண்டவே வேண்டாம். பெருக்கித் தள்ளினால் காற்றோடு போய்க் கடலில்தான் விழும்.

காசு போட்டு வாங்க வேண்டியது எல்.இ.டி. சீரியல் செட் ஒன்றுதான். சோடா, சோள மாவு, நூல் எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகைக்குள் அடங்கும். நைலான் வலை எளிதில் உருகிப் பற்றும் என்பதால் குண்டு பல்பும் மெழுகுவத்தியும் பக்கத்தில் வரக் கூடாது. மெழுகுவத்தியைக் குடிலுக்கும் தள்ளியே வையுங்கள், வைக்கோல் இருக்கும். வயரில் இணைப்புப் போட்ட இடம் ஜன்னல் சாரல் படாத பக்கம் இருக்கட்டும். தூங்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து இறக்கும்போது, வலையோடு அப்படியே பாய்போல் சுருட்டி, உயரத்தில் காற்றோட்டமாகக் கட்டி வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். ஓடுகளும் ஈர்க்கு நட்சத்திரமும் கெடாது. சோடா மாவுப் பொம்மைகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மைதாப் பசை தடவி ஏதாவது செய்திருந்தால் அதை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம், கரப்பான் வரும்.