பெயர் மாறினால் வரலாறு அழியுமா?

கேள்வி: அமெரிக்காவில் அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கள்கிழமையைக் கொலம்பஸ் தினம் என்று அழைப்பதைக் கைவிட்டு, பூர்வகுடிகள் தினமாகப் பல மாநிலங்கள் கடைப்பிடிக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா? இது வரலாற்றை அழிப்பதாகாதா?

பதில்: அவர் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கொலம்பஸ் ஆண்ட கரீபியத் தீவான இஸ்பானியோலாவில், பொன் கிடைத்த பகுதிகளில் வாழ்ந்த தைனோ என்ற பூர்வகுடி மக்களில் பதினான்கு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறு மணி நிறையப் பொன்துகள் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. 1495-இல் சுமார் ஐந்நூறு தைனோக்கள் அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர் கடலிலேயே மாண்டார்கள். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் எஞ்சியோரைத் திருப்பி அனுப்புமாறு 1500-இல் ஆணையிட்டவர், கொலம்பஸை அனுப்பிவைத்த அதே ஸ்பெயின் அரசி இசபெல்லா. அதே ஆண்டு, கொலம்பஸின் நிர்வாகத்தைப் பற்றிய புகார்களை விசாரிக்க அரச ஆணையுடன் வந்த பொபதில்லா அவரைக் கைது செய்து, விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஆகவே, அவரைக் குறைகூறுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்பது சரியல்ல.

வரலாறு அழியும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, இந்த விடுமுறையே எப்போது பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இத்தாலிய வம்சாவளியினர் பதினொருவரை ஒரு கும்பல் கொன்றது. மறு ஆண்டு, கொலம்பஸ் கரையிறங்கிய நானூறாம் ஆண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடுமாறு அதிபர் ஹாரிசன் அறிவித்தார். கொலம்பஸ் இத்தாலியில் பிறந்தவர் என்பதால், இழிவாகப் பார்க்கப்பட்ட இத்தாலியக் குடியேறிகளுக்கு அந்த நாள், தாங்களும் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்ற அங்கீகாரமாக இருந்தது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். பெயர் மாற்றத்தை ஆதரிப்போர் இதை அடிக்கடி மறந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆயினும், இரண்டாம் திங்கள்கிழமை என்று இன்று நாம் அறியும் விடுமுறை 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்டு, 1971 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 1492-இன் ஆவணமன்று. ஓர் அரசு தன் குடிமக்கள் அனைவரின் பெயராலும் ஒருவருக்குச் செலுத்தும் மரியாதை. அந்த மரியாதையைத் தொடர்வதா என்று முடிவெடுக்க இன்று வாழ்பவர்களுக்கு, குறிப்பாக அவரால் நிலமும் உயிரும் இழந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, முழு உரிமை உண்டு. பாடநூலில் கொலம்பஸ் இருந்தே தீர வேண்டும், அந்தப் பருந்து மணியோடு சேர்த்து.

இரு பெயர்களையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அலபாமாவும் மிசிசிப்பியும் மார்ட்டின் லூதர் கிங்கையும், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயையும் ஒரே திங்கள்கிழமையில் கௌரவிக்கின்றன. இது சமரசமாகாது, காயம்பட்டவரையே அவமதிப்பதாகும். வர்ஜீனியா மாநிலமோ, லீயையும் அவர் தரப்புத் தளபதி ஜாக்சனையும் போற்றிய லீ-ஜாக்சன் தினத்தை 2020-இல் நீக்கி, தேர்தல் நாளை விடுமுறையாக்கியது. இத்தாலிய வம்சாவளியினருக்கும் வழி இருக்கிறது: நியூயார்க் நகரப் பள்ளிகளின் நாட்காட்டியில் 2021 முதல் அந்த அக்டோபர் நாள், கொலம்பஸின் பெயரின்றி, இத்தாலிய மரபு தினமாகவும் பூர்வகுடிகள் தினமாகவும் குறிக்கப்படுகிறது.