நெதர்லாந்து உண்மையிலேயே நிரம்பிவிட்டதா?

கேள்வி: நெதர்லாந்தில் ஜனத்தொகை எல்லை மீறிவிட்டது, வெளிநாட்டவர்களால்தான் யாருக்கும் வீடு கிடைப்பதில்லை என்கிறார்களே, உண்மையா? வேலைக்கு வர நினைக்கிறேன்.

நான் இங்கே ஐந்தோவன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். நானே வந்தேறிதான், அதனால் என் பதிலைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

2024 ஆகஸ்டில் இந்த நாட்டின் மக்கள்தொகை 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியது. ஏரி, கால்வாய், கடலோர நீரையெல்லாம் கழித்தால் நிலப்பரப்பு சுமார் 33,500 சதுர கி.மீ.தான். அப்படிப் பார்த்தால் சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 540 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 555. நமக்குப் பழகிய நெருக்கம்தான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மால்ட்டாவை விட்டால் இவ்வளவு நெருக்கமான நாடு வேறு கிடையாது.

இதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. ஹேக் நகரில் 6,000 பேருக்கு மேல், வடக்கே டிரெந்தே மாகாணத்தில் 190 பேர் அளவுக்குத்தான். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரை வடகோடியில் இருக்கும் குரோனிங்கனுக்கு ரயிலில் கூட்டிப்போனபோது, "மாப்ள, மாடுதான் இருக்கு, ஜனத்தையே காணோமே" என்றார். சரியாகத்தான் சொன்னார். நிலத்தில் பாதிக்கு மேல் விவசாயமும் மேய்ச்சலும்தான்.

"நாடு நிரம்பிவிட்டது" என்ற பேச்சும் இன்று நேற்று வந்ததல்ல. 1950-இல் ஜனத்தொகை 1 கோடி. அப்போதே பிரதமர் வில்லெம் டிரேஸ், நம் மக்களில் ஒரு பகுதியினர் துணிந்து பெரிய நாடுகளுக்குப் போய்ப் பிழைக்க வேண்டும் என்று பேசினார். அரசே உதவிப்பணம் கொடுத்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றியது. 1979-இல், 1 கோடியே 40 லட்சம் பேர் இருந்தபோது, அரசி யூலியானா நாடாளுமன்றத் தொடக்க உரையில் நாடு நிரம்பிவிட்டது, சில இடங்களில் வழிகிறது என்றார். அதற்குப் பிறகும் 40 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள்.

குடியேற்றத்துக்குப் பங்கு இல்லையா? இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2022 முதல் இங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம், எனவே அதன் பிறகு கூடிய ஜனமெல்லாம் வெளியிலிருந்து வந்ததுதான். உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல் மட்டும் வந்தவர்கள் 4 லட்சம். தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தால் எல்லோரும் புகலிடம் கேட்டு வந்தவர்கள் என்று தோன்றும். உண்மையில் வேலைக்கும் படிப்புக்கும் குடும்பத்தோடு சேரவும் வருகிறவர்கள்தான் பெரும்பாலோர். பசுமைக்குடில்களிலும் கிடங்குகளிலும் போலந்துக்காரர்கள், பல்கலைக்கழகங்களில் உலகம் முழுக்க இருந்து வந்த மாணவர்கள், எங்கள் ஊர்ப் பக்கம் சிப் இயந்திரம் செய்யும் ஏஎஸ்எம்எல்லை நம்பி என்னைப் போன்றவர்கள். அந்த நிறுவனம் வேறு நாட்டில் விரிவாகிவிடுமோ என்ற பயத்தில், 2024-இல் அரசு இந்த வட்டாரத்தின் வீடு, சாலை, கல்விக்காக 250 கோடி யூரோ ஒதுக்கியது. ஆள் வேண்டாம் என்று மேடையில் பேசுகிற அதே அரசியல், ஆள் வந்து தங்குவதற்குப் பணமும் கொடுக்கிறது!

வீட்டுப் பஞ்சத்துக்கு வருவோம். பற்றாக்குறை சுமார் 4 லட்சம் வீடுகள். இதில் பலர் கவனிக்காதது குடும்பத்தின் அளவு. 1960 வாக்கில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக மூன்றரைப் பேர் இருந்தார்கள், இப்போது இரண்டுக்குச் சற்று மேல். வீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் ஒரே ஆள்தான். பழைய அளவில் வாழ்ந்தால் இன்றைய மக்களுக்கு 51 லட்சம் வீடு போதும், இப்போதோ 80 லட்சத்துக்கு மேல் வேண்டியிருக்கிறது. ஒரு வெளிநாட்டவர்கூட வராமலிருந்தாலும் இந்த மாற்றம் நடந்திருக்கும்.

அப்புறம் அரசின் கைங்கரியம். சமூக வாடகை வீடு கட்டும் அமைப்புகள்மீது 2013-இல் ஒரு வரி போட்டு, 2022 வரை வசூலித்தார்கள். கட்ட வேண்டியவர்களின் கையிலிருந்த பணம் கருவூலத்துக்குப் போனது. 2019-இல் நைட்ரஜன் தீர்ப்பு வந்தது. மாட்டுச் சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளைக் கெடுக்கிறது. அதற்கான அரசின் அனுமதி முறை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், கட்டுமான வேலையிலும் நைட்ரஜன் வாயுக்கள் வெளியாவதால் மாட்டோடு சேர்ந்து வீடு கட்டும் திட்டங்களும் சிக்கிக்கொண்டன. என் கணக்கில் இந்தச் சங்கதிக்குக் குடியேறிகளைவிடப் பசுக்கள் அதிகம் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் ஓட்டு விழுவது குடியேற்றத்தைப் பேசித்தான். அகதிகளின் குடும்பத்தை வரவழைக்கும் விவகாரத்தில் 2023 ஜூலையில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு கவிழ்ந்தது. அந்த நவம்பர் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் வில்டர்ஸின் கட்சி 150-இல் 37 இடம் பிடித்து முதலிடம் வந்தது. 2025 ஜூனில் அதே புகலிடப் பிரச்சினையில் அவர் கூட்டணியிலிருந்து விலக, அடுத்த அரசும் போனது. இதற்கிடையே 2024 ஜனவரியில் அரசு நியமித்த குழு ஒன்று, 2050-இல் 1.9 முதல் 2 கோடி வரை என்று மிதமான வளர்ச்சியைப் பரிந்துரைத்தது. வளர்ச்சியே வேண்டாமென்றால் முதியவர்களைக் கவனிக்க ஆள் இருக்காது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

நீங்கள் வருவதாக இருந்தால் சம்பளத்தோடு வீட்டையும் பேசுங்கள். முதல் சில மாதத் தங்குமிடத்தை நிறுவனமே தருமா என்று கேளுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில வீட்டுக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பதிவு இல்லாவிட்டால் இங்கே வசிக்கும் எல்லோருக்கும் அரசு தரும் குடிமக்கள் எண்ணில் (BSN) தொடங்கி வங்கிக் கணக்கு வரை எல்லாம் இழுபறிதான்.