மடிநோய்க்குப் 'பவரான' ஊசி எது?

கேள்வி: மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாடு. பின்பக்க இடது காம்பில் மடிநோய். மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் அமாக்சிசிலின் போட்டோம், வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் மறுபடி பால் திரிதிரியாக வந்தது. செஃப்ட்ரியாக்சோன் போட்டு, கூடவே ஆக்சிடெட்ராசைக்ளினும் போட்டுப் பார்த்தோம். இன்னும் பவரான ஊசி எது, ஐயா? வீட்டில் தயிர்கூட உறைய மாட்டேன் என்கிறது.
- செங்கம் வாசகர்

பதில்: ஊசியில் பவர் பார்க்காதீர்கள், அது கிருமியின் எந்த இடத்தை அடிக்கிறது என்று பாருங்கள். அமாக்சிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் பங்காளிகள். கிருமியைத் தன்னைச் சுற்றி ஒழுங்காகச் சுவர் கட்ட விடாது, இரண்டுமே. வளரும் கிருமிதான் சுவர் கட்டும். ஆக்சிடெட்ராசைக்ளினோ புரதம் தயாரிப்பதைத் தடுத்து வளர்ச்சியையே நிறுத்திவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டது, கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் கட்டும் சுவரைக் கெடுக்க ஆள் வைத்த கதை.

திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மேல்தான் என் சந்தேகம். அது மடிக்குள் தழும்புத் திசுவில் பதுங்கிக்கொள்ளும், மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருந்தால் அதற்குச் சுவரே கிடையாது, முதல் இரண்டு ஊசியும் தண்டம். கடைக்காரர் உங்கள் மாட்டின் மடியைப் பார்த்தாரா? தன் அலமாரியைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்.

பால் பரிசோதனை இல்லாமல் இரண்டாவது ஊசி கூடாது என்று நான் சொல்லாத கூட்டமே இல்லை. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் நாலைந்து பீச்சுப் பாலைத் தனியே விட்டு, பிறகு வருவதைச் சுத்தமான மூடிக் குப்பியில், உட்புறம் விரல் படாமல் பிடியுங்கள். ஐஸில் வைத்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று அங்கே கேளுங்கள். இப்போது எடுத்தால் கிருமி வளராமல் போகலாம், ஊசியை நிறுத்தி ஒரு வாரமாவது ஆகட்டும். ஆனால் மாடு காய்ச்சலோடு தீவனம் எடுக்காமல் நின்றால் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, தயிர் விஷயம், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாலைத்தான் உறை ஊற்றுகிறீர்கள் என்றால், பாலில் வந்த மருந்து உறைமோரின் பாக்டீரியாவையும் கொன்றிருக்கும். காய்ச்சினாலும் அது முழுசாகப் போகாது. நோய் ஒரு காம்பில்தானே என்று மற்ற மூன்றின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். தசையில் போட்ட ஊசி நாலு காம்பிலும் வரும். மருந்து லேபிளில் எத்தனை நாள் பாலை விலக்கச் சொல்லியிருக்கிறதோ, கடைசி ஊசியிலிருந்து அத்தனை நாளும் கீழேதான் ஊற்ற வேண்டும்.