ஜேட் வைன் கொடி: யாழ்ப்பாணத்துக் கேள்வியும் பதிலும்

கொக்குவில்: நட்டு ஏழு மாதம். புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடட்டோ?

வேண்டாம். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். தளிர் இப்படி வந்தால் இரும்புக் குறை. செம்மண்ணில் இரும்பு நிறைய இருக்கு. சுண்ணக்கல்லுக் கிணத்துத் தண்ணி விட விட மண்ணில் காரம் ஏறி, வேருக்கு அது எட்டாமல் போகுது. இது பிலிப்பைன்ஸ் மழைக்காட்டு ஓடைக்கரைக் கொடி. மாரியில் மழைத் தண்ணியைத் தாங்கியில் பிடித்து வைத்து விடுங்கோ. இரும்பு உரம் வாங்கினால் பையில் 'ஈடிடிஎச்ஏ' (EDDHA) என்று இருக்கோ பாருங்கோ. 'ஈடிடிஏ' (EDTA) காரமண்ணில் நிற்காது. மக்கின இலைக்குப்பை நாலு விரல் கனத்துக்கு, தண்டில் முட்டாமல். அடுப்புச் சாம்பல் போடாதேங்கோ, அதுவும் காரம்.

சாவகச்சேரி: ஒன்லைனில் எடுத்த விதை முளைக்கேல்லை.

காய்ந்த விதை முளைக்காது. பதியன் கன்று வாங்குங்கோ.

மானிப்பாய்: மூன்று வருசம், பூவே இல்லை. வருசாவருசம் வெட்டித்தான் விடுறன்.

அதுதான் காரணம். முற்றின தண்டில்தான் குலை வரும். மூன்றடிக்குத் தொங்கும், பந்தலை எட்டடிக்குக் கட்டுங்கோ.

உரும்பிராய்: இலை மஞ்சள். சாம்பல் போட்டும் சரிவரேல்லை.

முதல் பதில். சாம்பலை நிப்பாட்டுங்கோ.

திருநெல்வேலி: ஜேட் பூவின் அந்தப் பச்சை நீலம் காரத்தால் வாறது என்று வாசித்தேன். அப்ப கிணத்துத் தண்ணி நல்லம்தானே?

நிறம் காரத்தால்தான், உங்கட கிணத்தால் இல்லை. இதழில் மால்வின் என்ற நிறமி ஒரு பங்குக்குச் சப்போனாரின் என்ற துணை நிறமி ஒன்பது பங்கு; காரச் சாற்றில் இரண்டும் சேர்ந்துதான் அந்த நிறம். மேல்தோல் சாற்றின் பிஎச் (ஏழுக்கு மேல் காரம், கீழே அமிலம்) 7.9, அதே இதழின் உள்ளே 5.6. தண்ணி தீர்மானிப்பதென்றால் இரண்டும் ஒன்றாய் இருந்திருக்கும்.

திருநெல்வேலி: நுவரெலியா ஐட்ரேஞ்சியாப் பூ மண்ணைப் பார்த்து நிறம் மாறுதே?

அங்கே அமில மண் அலுமினியத்தைக் கரைத்துக் கொடுக்குது, அதால் நீலம். இங்கே அலுமினியத்துக்கு வேலையே இல்லை. விழுந்த பூவை ஒரு தட்டில் வைத்துப் பாருங்கோ, வாடி ஊதாவாகும். தண்ணி ஊற்றாமலே.

கோண்டாவில்: நானும் திருநெல்வேலி பக்கம். சுண்ணாம்பு கொஞ்சம் போட்டால்…

போடாதேங்கோ!

நல்லூர்: சிவப்பு ஜேட்?

வேற சாதி. நியூகினிக் கொடி, பூனைக்காலிக்குச் சொந்தம்.

கோப்பாய்: அழியுற கொடியாம். வீட்டில் வளர்த்தால் காப்பாற்றினதுதானே?

காட்டில் வௌவால் தலைகீழாய்த் தொங்கித் தேன் குடிக்கும்போதுதான் மகரந்தம் மாறும். காடு வெட்ட வெட்ட அதுவும் குறையுது. பந்தலில் காய் வேண்டுமென்றால் கையால்தான். லண்டன் கியூ தோட்டத்தில் 1995இல் அப்படித்தான் காய்த்தது. ஒரே கொடியின் பதியன் நூறு வீட்டில் நின்றாலும் அது ஒரு கொடிதான்.

சுன்னாகம்: இலை மஞ்சளாய்…

மழைத் தண்ணி.