இரட்டைக்குழல் ரைஃபிள்: விலையும் பயனும்

யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுவதற்கென்று லண்டனிலும் பர்மிங்காமிலும் உருவான இரட்டைக்குழல் ரைஃபிள்களைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். சிறு ரவைகளைச் சிதறடிக்கும் இரட்டைக்குழல் ஷாட்கன்னும் இதுவும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், இதன் குழல்களுக்குள் சுழல்வரிகள் உண்டு. ஒவ்வொரு குழலும் ஒரே கனமான குண்டைச் செலுத்துகிறது. பதில்கள் அனைத்தும் இந்த ரைஃபிளைப் பற்றியவை மட்டுமே.

கேள்வி: ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நல்ல போல்ட் ரைஃபிள் ஒன்றின் விலையைப்போல் பல மடங்கு கொடுத்து இதை வாங்குகிறார்கள். அந்தப் பணம் எதற்காகப் போகிறது?

பெரும்பகுதி, இரண்டு குழல்களையும் ஒரே இடத்தில் சுட வைப்பதற்காகப் போகிறது. குழல்களை இணையாகப் பொருத்தினால் குண்டுகள் ஒன்றாகப் போய்ச் சேரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு குழலும் துப்பாக்கியின் நடுக்கோட்டுக்குச் சற்று விலகி இருப்பதால், வலது குழல் வெடிக்கும்போது, குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும் அந்தக் கணத்திலேயே, துப்பாக்கி மேல்நோக்கியும் வலப்பக்கமாகவும் திரும்புகிறது. இடது குழல் வெடித்தால் இடமாகத் திரும்புகிறது. இந்த விலகலை ஈடுசெய்யக் குழல்கள் முனையை நோக்கி ஒன்றையொன்று நெருங்குமாறு பொருத்தப்படுகின்றன. எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைத் தாளில் கணக்கிட்டு முடிவுசெய்ய இயலாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். முனையில் இரண்டு குழல்களுக்கும் நடுவே ஒரு சிறு ஆப்பு இருக்கும். கைதேர்ந்தவர் இலக்கை நோக்கிச் சுடுவார், ஈயப்பற்றைச் சூடாக்கி இளக்குவார், ஆப்பை மயிரிழை நகர்த்துவார், ஆறவிட்டு மீண்டும் சுடுவார். இரண்டு குழல்களின் குண்டுகளும் ஒரே கொத்தாக விழும் வரை இது தொடரும்.

இதற்கு மேல், விசையை இழுத்ததும் தோட்டாவை வெடிக்கச் செய்யும் பொறியான லாக்கின் பாகங்களை அரத்தால் இழைத்துப் பொருத்துவது, வால்நட் கட்டையை வாங்குபவரின் தோளுக்கும் கை நீளத்துக்கும் ஏற்பச் செதுக்குவது, உலோகத்தில் சித்திரம் வெட்டுவது என்று நூற்றுக்கணக்கான மணி நேரக் கைவேலை இருக்கிறது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் ராயல் வகையைப் போன்ற ஒன்று புதிதாக வேண்டுமென்றால் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆவது இதனால்தான். சித்திர வேலைப்பாடு அழகுக்காக. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குழல்களை ஒத்திசைத்த வேலை, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நேரடியாகப் பயன்படுவது.

கேள்வி: அப்படியானால் தொலைதூரத்திலும் துல்லியமாகச் சுடுமா?

சுடாது. பெரும்பாலானவை 50 முதல் 100 கெஜத்துக்குள் ஒத்திசைக்கப்பட்டவை. முந்நூறு கெஜத்தில் நிற்கும் மானுக்கு இதை எடுத்துச் செல்வது இதன் நோக்கத்தையே அறியாத செயல்.

கேள்வி: ஆபத்தான விலங்குகளுக்கு மட்டும் இது ஏன் சிறந்தது என்கிறார்கள்?

இது ஒரே கட்டையில் பொருத்தப்பட்ட இரண்டு துப்பாக்கிகள் என்பதால்தான். இரண்டு விசைகள், இரண்டு லாக்குகள், இரண்டு ஊசிகள். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும், ஒரு பக்கத்து லாக்கின் வில் (ஸ்பிரிங்) முறிந்தாலும், மறு பக்கம் தயாராக இருக்கிறது. போல்ட் ரைஃபிளில் முதல் குண்டுக்குப் பிறகு கைப்பிடியை உயர்த்தி, முழுவதும் பின்னிழுத்து, முன்தள்ளி, இறக்க வேண்டும். பதற்றத்தில் முழுவதும் இழுக்காமல் தள்ளிவிட்டால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறாது. இரட்டைக்குழலில் விரல் ஒரு விசையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதோடு வேலை முடிகிறது. கட்டை தோளைவிட்டு நகர்வதில்லை, உலோக ஓசையும் எழுவதில்லை.

மேலும், போல்ட் ஓடுவதற்கான நீண்ட பகுதி இதில் இல்லாததால், அதே குழல் நீளத்துக்கு மொத்த நீளம் சில அங்குலம் குறைகிறது. எடை இரண்டு கைகளுக்கும் நடுவே அமைவதால், புதருக்குள் சில அடி தூரத்தில் காயம்பட்ட எருமை திரும்பிப் பாயும்போது குழல் தானாகவே கண் பார்க்கும் இடத்துக்கு எழுகிறது. வேட்டைக்காரரை வழிநடத்திச் செல்லும் ஆப்பிரிக்கத் தொழில்முறை வேட்டையாளர்களில் பலர் இன்றும் இதை விரும்புவது இந்தக் கடைசிச் சில விநாடிகளுக்காகவே.

கேள்வி: இரண்டே தோட்டாக்கள் போதுமா?

வேலையைப் பொறுத்தது. பழகியவர்கள் இடக்கை விரல்களுக்கு இடையே இரண்டு தோட்டாக்களை வைத்திருப்பார்கள். துப்பாக்கியைத் திறந்ததும் எஜெக்டர் வெற்றுக் கூடுகளை வெளியே எறிய, புதியவை உள்ளே போய்விடும். ஆனால் மூன்றாவது, நான்காவது குண்டு வேகமாக வேண்டுமென்றால் போல்ட் ரைஃபிள்தான் முந்தும். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிச் சென்ற வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட் தம் .500 (அங்குலத்தில் குழலின் அளவு) ரைஃபிளுக்கு மூன்று தோட்டாக்களை மட்டுமே கொண்டு சென்றிருந்தார். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கித்தான் அந்தப் பெண்புலியை முடித்தார்.

வாழ்நாளில் ஒருமுறை தான்சானியாவுக்கோ ஜிம்பாப்வேக்கோ எருமை வேட்டைக்குப் போகிறவருக்கு என் பரிந்துரை, 1912-இல் வெளிவந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவுக்கான, தொலைநோக்கி பொருத்திய போல்ட் ரைஃபிள். முதல் குண்டைச் சரியான இடத்தில் வைப்பது அவர் வேலை. இரட்டைக்குழல், அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கருவி.

கேள்வி: .465, .470, .475, .476 என்று ஏன் இத்தனை நெருக்கமான அளவுகள்?

இதன் காரணம் நம் நாட்டில் இருக்கிறது. 1898-இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளியிட்டது. கறுப்பு வெடிமருந்துக்குப் பதிலாகக் கார்டைட் என்ற புகையில்லா மருந்தை நிரப்பிய அந்தத் தோட்டா, 480 கிரெயின் (ஏறத்தாழ 31 கிராம்) எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. அதற்கு முன் யானைக்குத் தேவைப்பட்ட மிகப் பெரிய, சுமக்கக் கடினமான துப்பாக்கிகள் அதோடு பழையனவாகிவிட்டன. ஆனால் சிப்பாய்களிடமிருந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் அளவும் .450 தான். கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றிய மார்ட்டினிகளுக்கு இந்த வேட்டைத் தோட்டாக்களின் பாகங்கள் பயன்பட்டுவிடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் இந்திய அரசு, அந்த அளவு ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. மகாராஜாக்களும் ஆங்கில அதிகாரிகளும் நிறைந்த இந்தியச் சந்தையை இழக்க எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? ஹாலண்ட் .500/465-ஐயும், ஜோசப் லேங் .470-ஐயும், ஜெஃப்ரி .475 நம்பர் 2-ஐயும், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476-ஐயும் கொண்டுவந்தார்கள். இவற்றுள் .470-ஐ மற்ற நிறுவனங்களும் தாராளமாக ஏற்றுக்கொண்டதால், இன்றும் எளிதாகத் தோட்டா கிடைப்பது அதற்குத்தான்.

கேள்வி: வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் நம் சேலம், தருமபுரிக் காடுகளில் பயன்படுத்தியதும் இதுதானா?

இல்லை. அவர் பெரிதும் நம்பியது வின்செஸ்டர் நிறுவனத்தின் .405 லீவர் ரைஃபிளை, அதாவது விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் ரைஃபிளை. கார்பெட்டிடம் ஜெஃப்ரி செய்த .450/400 இரட்டைக்குழல் இருந்தது. சம்பாவத் புலிக்காக அவருக்குப் பரிசாக வந்த ரிக்பி .275 போல்ட் ரைஃபிளும் இருந்தது. யானையைப் போன்ற கனமான தோலும் எலும்பும் புலிக்குக் கிடையாது. அதற்கு மிகப் பெரிய குண்டு கட்டாயமில்லை.

கேள்வி: பின்னுதைப்பைத் தாங்க முடியுமா?

.470 ரைஃபிள் பொதுவாக ஐந்து கிலோ அளவில் இருக்கும். அந்த எடையும், உடலுக்கு அளவெடுத்த கட்டையும் உதையைப் பெருமளவு மென்மையாக்கும். 900 கிரெயின் குண்டுள்ள .600 வேறு உலகம். அதை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அஞ்ச வேண்டியது, உதையில் விரல் நழுவி இரண்டாம் விசையையும் தட்டி, இரு குழல்களும் சேர்ந்து வெடிப்பதை. அதனால் சிலர் பின்விசையை முதலில் இழுக்கப் பழகுகிறார்கள்.

கேள்வி: பழைய ஆங்கிலேயத் தயாரிப்பா, புதிய ஐரோப்பியத் தயாரிப்பா?

உண்மையாகவே காட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் புதியது. ஜெர்மனியின் கிரீகாஃப், ஹெய்ம், மெர்க்கல், பிரான்சின் ஷாப்வி, வெர்னே காரோன் ஆகியோர் லண்டன் விலையில் ஒரு சிறு பங்குக்கே நம்பகமானவற்றைச் செய்கிறார்கள். கிரீகாஃபில் கட்டைவிரலால் தள்ளினால் மட்டுமே வில் இறுகும் என்பதால், தோட்டா நிரப்பியபடியே பாதுகாப்பாக நடக்கலாம்.

பழையதை வாங்கினால் எந்த எடைக் குண்டுக்கும் எவ்வளவு மருந்துக்கும் ஒத்திசைக்கப்பட்டது என்பதை முதலில் அறியுங்கள். வேறு தோட்டா போட்டால் இரு குழல்களும் வேறு வேறு இடத்தில் சுடும். மூடிய நிலையில் குழல் ஆடுகிறதா, நடுப்பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறதா, குழலின் உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று துப்பாக்கித் தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். முழுத் தாமிரத்தில் கடைந்த இன்றைய கடினக் குண்டுகளை மெல்லிய பழங்குழல்களில் சுட வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் இரட்டைக்குழல் ரைஃபிள் எங்கள் வீட்டில் உரிமத்துடன் இருக்கிறது. என்ன செய்யலாம்?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை வேட்டைக்குக் கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், குடும்பத்தில் யார் பெயரில் எது இருக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் ஒழுங்குபடுத்துங்கள். குழலிலும் லாக்கிலும் உள்ள தயாரிப்பாளர் பெயரையும் வரிசை எண்ணையும் குறித்து நிறுவனத்துக்கு எழுதினால், பழைய பதிவேடுகள் எஞ்சியுள்ள சில நிறுவனங்கள் அது யாருக்காக, எப்போது செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் அரத்தையோ உப்புத்தாளையோ அதன் மேல் வைக்க விடாதீர்கள். தோல் பெட்டியில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே துரு ஏறிவிடும். மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டிய இரும்பு அலமாரியில், கட்டைக்குள் எண்ணெய் இறங்காதபடி குழல் முனை கீழே இருக்குமாறு நிறுத்தி வையுங்கள்.