ஆலை ஊர் மாறினால் இயந்திரத்தின் மதிப்பு கூடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஜெர்சி ஜாக் நிறுவனம் தயாரித்த ‘டயல்டு இன்’ என்ற பின்பால் (சரிவான தளத்தில் உலோகப் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு) இயந்திரம் ஒன்று அருகிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஆலை இங்கே லேக்வுட்டில் இருந்தபோது செய்தது, சிகாகோ பக்கம் போன பிறகு வருபவற்றில் இந்த உறுதி கிடையாது என்று சொல்லி, விற்பவர் ஆயிரம் டாலர் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊரைவிட்டுப் போன நிறுவனத்தின் உதிரிபாகங்கள் இனிக் கிடைக்குமா?

பதில்: கொடுக்காதீர்கள். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் அதற்குரிய விலையைக் கொடுங்கள். ‘லேக்வுட்’ என்ற பெயருக்குத் தனியாக ஆயிரம் டாலர் தரவேண்டியதில்லை.

விற்பவர் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார். பின்பாலுக்குச் சொந்த ஊரே சிகாகோதான். 1931இல் காட்லீப் நிறுவனத்தின் ‘பேஃபிள் பால்’ அங்கிருந்துதான் கிளம்பியது. மறு ஆண்டே பேலி வந்தது, பிறகு வில்லியம்ஸ், ஸ்டெர்ன் என்று வரிசையாக வந்தார்கள். (இத்தனை இயந்திரங்களைச் செய்து உலகுக்கு அனுப்பிய அந்த நகரமே, தன் எல்லைக்குள் பின்பால் ஆடுவதை 1970கள் வரை தடை செய்து வைத்திருந்தது.) 1999இல் வில்லியம்ஸ் பின்பால் பிரிவை மூடியபோது வேலை போனதே தவிர, வேலை தெரிந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வடிவமைப்பாளர்கள், மென்பொருள் எழுதுபவர்கள், கம்பிக்கட்டுப் பின்னுபவர்கள், மரப்பெட்டி செய்பவர்கள், காயில் (பந்தை அடிக்கும் பாகங்களை இயக்கும் மின்காந்தச் சுருள்) சுற்றுபவர்கள் எனப் பெரும்பாலானோரின் வீடு அந்த வட்டாரத்திலேயே இருந்தது.

ஜாக் குவார்னியேரி 2011இல் ஜெர்சி ஜாக் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஆலையைத் தம் மாநிலமான நியூ ஜெர்சியில் வைத்துக்கொண்டார். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த அதை வடிவமைத்தவர் பேட் லாலர். 20,270 இயந்திரங்கள் விற்ற ‘ஆடம்ஸ் ஃபேமிலி’யை 1992இல் வடிவமைத்தவரும் அவரே. அவர் சிகாகோ வட்டாரத்துக்காரர். வரைபவர் ஓரிடம், பொருத்துபவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னோரிடம் என்றால், சரிவில் பந்து சிக்குகிறதா என்று பார்த்து ஒரு தகட்டைச் சற்று வளைப்பதற்குக்கூடப் படம் பிடித்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய எல்க் குரோவ் வில்லேஜுக்கு ஆலையை மாற்றியது. போட்டி நிறுவனமான ஸ்டெர்னின் ஆலையும் அதே ஊரில்தான் இருக்கிறது. நல்ல தொழிலாளி கிடைப்பது எளிதாகும், அதே தொழிலாளியைப் போட்டியாளர் இழுத்துக்கொள்வதும் எளிதாகும்; அது நிறுவனங்களின் கவலை, நமக்கு லாபம்தான்.

அதற்காக, சிகாகோவில் செய்தாலே தரம் என்றும் சொல்ல மாட்டேன். விஸ்கான்சினில் பென்டன் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ஸ்பூக்கி நிறுவனம் நன்றாகவே தொழில் நடத்துகிறது.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். ரப்பர் வளையம், காயில் உறை, பந்து போன்றவை எல்லா நிறுவன இயந்திரங்களுக்கும் ஏறக்குறைய பொதுவானவை, எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். சிக்கல் வரக்கூடியது அந்த மாடலுக்கே உரிய மின்னணுப் பலகைகளிலும் பிளாஸ்டிக் பாகங்களிலும்தான். பணம் கொடுக்கும் முன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்தப் பலகைகள் இருப்பில் உள்ளனவா, இரண்டாவது உரிமையாளருக்கு உத்தரவாதம் ஏதாவது உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நேரில் பார்க்கும்போது ஒரு டார்ச் விளக்கு கொண்டுபோங்கள். கண்ணாடியை எடுக்கச் சொல்லி, பந்து ஓடும் தளத்தின் மேல் விளக்கைச் சாய்த்து அடியுங்கள். ரப்பர் மாட்டியிருக்கும் சிறு கம்பங்களின் அடியைப் பாருங்கள். அங்கே வார்னிஷ் அலையலையாகத் திரண்டிருந்தாலோ, சின்னஞ்சிறு செதில்களாகப் பெயர்ந்திருந்தாலோ விலையைக் குறைத்துப் பேசக் காரணம் கிடைத்துவிட்டது. பிறகு ஒரு பந்தை வெளியே எடுத்து விரலால் தடவுங்கள். புதுப் பந்து கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும். சொரசொரப்பாக இருந்தால் அது இத்தனை காலமும் உப்புத்தாள்போல் தளத்தின் ஓவியத்தைத் தேய்த்திருக்கிறது. சில டாலர் பந்தைக்கூட மாற்றாதவர் வேறு எதைப் பராமரித்திருப்பார்? கடைசியாக, அரை மணி நேரமாவது விடாமல் ஆடிப் பாருங்கள். காயில் சூடேறிய பிறகுதான், பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் சோர்ந்து போகிறதா என்பது தெரியும்.

கேள்வி: வேறொரு தயாரிப்பாளரின் புதிய இயந்திரத்துக்கு இணையத்தில் முன்பணம் கட்டிப் பல மாதம் ஆகிறது. ‘ஆலையை மாற்றுகிறோம், தாமதமாகும்’ என்று மட்டும் தகவல் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், இன்றே கேளுங்கள். ஆலை மாற்றம் உண்மையான காரணமாகவே இருக்கலாம். இயந்திரங்களைப் பிரித்து, ஏற்றி, இறக்கி, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க நாள் பிடிக்கும். ஆனால் அந்தச் செலவை உங்கள் முன்பணத்திலிருந்து சமாளிக்கிறார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு இயந்திரம் தராத கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். ‘பிக் லெபோவ்ஸ்கி’ பின்பால் இயந்திரத்துக்கு முழுத் தொகை கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டெக்சாஸின் டீப்ரூட் என்ற பின்பால் நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் வழக்கிலும் திவாலிலும் போய் முடிந்தது.

அமெரிக்காவில் இணையம், தொலைபேசி, அஞ்சல் வழி விற்பனைக்குக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி இருக்கிறது. சொன்ன தேதிக்குள் பொருளை அனுப்ப வேண்டும். தேதி சொல்லவில்லையென்றால் 30 நாள். முடியாதபோது புதிய தேதியைத் தெரிவித்து, காத்திருக்கச் சம்மதமா அல்லது ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவா என்று உங்களைக் கேட்டாக வேண்டும். ‘தாமதமாகும்’ என்ற ஒற்றை வரி அந்தக் கடமையை நிறைவேற்றாது. ஆகவே ரத்து செய்கிறேன் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை உடனே எழுதி அனுப்புங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம். ஆனால் சட்டம் தரும் அவகாசம், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான். ‘இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே இந்த அவகாசத்தைக் கடத்திவிடுவார்கள். உங்களுக்கு அது கடந்திருக்கலாம். ஆனாலும் வங்கியைக் கேட்டுப் பாருங்கள், கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகளில் சில நேரம் கூடுதல் இடம் இருக்கும். இனி வாங்கும்போது, சரக்கைக் கையில் வைத்திருக்கும் விநியோகஸ்தரிடம், அனுப்பும் நாளில் முழுத் தொகை என்ற ஏற்பாட்டில் வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய இயந்திரத்தை நண்பரின் வேனில் நாங்களே வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், இரண்டு பேர் போதும், ஆனால் ஒருவராக முயலாதீர்கள், 110 முதல் 140 கிலோ வரை இருக்கும். முதலில் பந்துகளை வெளியே எடுங்கள். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியை முன்பக்கமாக மடித்து, இடையில் போர்வை வைத்துப் பட்டையால் கட்டுங்கள். கால்களைக் கழற்றும்போது ஒவ்வொரு காலிலும் உள்ள இரண்டு போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு, இயந்திரத்தில் காசு விழும் பெட்டிக்குள் வையுங்கள். சாவியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.