வங்கியிலேயே பிட்காயின் வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இங்கே வங்கிகளே கிரிப்டோ விற்கத் தொடங்கியிருக்கின்றன. வங்கிப் பணத்துக்கு 1,00,000 யூரோ வரை காப்பீடு உண்டே, அது இதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொள்வது இதைத்தான். அந்தக் காப்பீடு கணக்கில் கிடக்கும் பணத்துக்கு மட்டும். அதே செயலியில் அடுத்த வரியிலேயே பிட்காயின் தெரிந்தாலும் அது வைப்புத்தொகை ஆகாது.

2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா என்ற கிரிப்டோ சட்டம் தருவது வேறு வகைப் பாதுகாப்பு. உங்கள் காயின்களை நிறுவனம் தன் சொத்தோடு கலக்கக் கூடாது. அதன் பொறுப்பில் இருக்கும்போது அதன் தவறால் தொலைந்தால் ஈடு தர வேண்டும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை நிறுவனம் கவிழ்ந்தபோது வாடிக்கையாளர் பணம் வேறு காரியங்களுக்குப் போயிருந்தது தெரியவந்தது. அதை நினைத்தால் இந்த விதி மிகவும் தேவையானது. ஆனால் விலை விழுந்தால் யாரும் ஈடு தரமாட்டார்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஒரே வருடத்தில் 16,000-க்கும் கீழே போனது. எங்கே வாங்கியிருந்தாலும் அந்த நட்டம் நட்டம்தான்.

கேள்வி: நல்ல முதலீடு என்று பார்த்துத்தானே வங்கி விற்கும்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயினின் பிபிவிஏ வங்கி 2025-ல் பிட்காயின், ஈதர் ஆகிய கிரிப்டோ காயின்களின் வர்த்தகத்தைத் தொடங்கியபோதே, ஆலோசனை தரமாட்டோம், முடிவு வாடிக்கையாளருடையது என்று சொல்லிவிட்டது. மைக்கா உரிமம் இருப்பதையே விளம்பரமாக்கி மக்களைக் குழப்பக் கூடாது என்று ஐரோப்பியச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மாவும் அதே ஆண்டு ஜூலையில் எச்சரித்தது.

கேள்வி: டிஸ்போவில் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் கடனில்) எடுத்து வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விலை பாதியானாலும் வட்டி குறையாது.

கேள்வி: கட்டணம் இல்லை என்கிறார்களே?

பதில்: ஒரே நிமிடத்தில் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பாருங்கள். அந்த இடைவெளிதான் கட்டணம். அப்புறம், காயினை உங்கள் சொந்த வாலட்டுக்கு (காயினை நீங்களே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பைக்கு) மாற்ற விடுவார்களா என்றும் கேளுங்கள். எல்லா இடத்திலும் விடுவதில்லை.

கேள்வி: ஒரு வருடம் வைத்திருந்தால் வரி இல்லையாமே?

பதில்: ஆமாம், ஜெர்மனியில் ஒரு வருடம் தாண்டி விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. அதற்குள் விற்றால், வரி இல்லாமலிருக்க இதுபோன்ற விற்பனைகளின் மொத்த லாபம் ஆண்டுக்கு 1,000 யூரோவுக்குக் கீழே இருக்க வேண்டும். எட்டிவிட்டால் முழு லாபத்துக்கும் வரி. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். ஒவ்வொரு தடவையும் தேதி, விலையைக் குறித்து வையுங்கள்.